ஒருவேளை அண்ணனின் நாற்பத்தேழாவது தாள்

வானத்தில் எந்த நட்சத்திரம் எப்போது வெடிக்கும் என்பது கடவுளுக்கு மட்டும்தான் தெரியும். வெடித்த பிறகு யாருக்கு போன் செய்ய வேண்டும், எத்தனை மணிக்குத் தொலைநோக்கியைத் திருப்ப வேண்டும், அந்த நேரம் பார்த்து மேகம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் ஒருவேளை அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். கடவுளுக்கே அன்றைக்கு ஞாபகமறதி வந்துவிட்டால் என்ன செய்வது என்றுகூட அவர் கோப்பில் ஒரு தாள் இருந்திருக்கும். நான் தேடிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. வேறெங்கும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. எந்தப் பேச்சையும் "ஒருவேளை" என்றுதான் தொடங்குவார். அந்தப் பெயரை முதலில் வைத்தது கான்டீன்காரர் என்பார்கள். "ஒரு சாயா" என்று கேட்க வேண்டிய இடத்தில், "ஒருவேளை பால் திரிஞ்சிருந்தா கட்டன் மதி, கேட்டோ" என்று பாலில்லாத டீக்கும் சேர்த்துச் சொல்லிவைக்கிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? மலையாளிகள் "ஒருவேளை சேட்டன்" என்றார்கள். நான் "அண்ணே" என்றேன். திருவனந்தபுரத்தின் ஓரத்தில் இருந்த அந்த ஆராய்ச்சி நிலையத்தில் எங்கள் பிரிவில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவருக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். எனக்கு இருபத்தெட்டு. பக்கத்துப் பக்கத்து மேஜை.

எங்கள் வேலை என்னவென்று ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். பயப்பட வேண்டாம், ஒரே ஒரு பத்திதான். எங்கோ நினைத்துப் பார்க்க முடியாத தூரத்தில் ஒரு பெரிய நட்சத்திரம் சாகும்போது, கண்ணுக்குத் தெரியாத காமா கதிர்களைச் சில விநாடிகள் பீய்ச்சி அடிக்கும். மேலே சுற்றிக்கொண்டிருக்கும் செயற்கைக்கோள் அதைப் பார்த்து, "இதோ, இந்தத் திசையில்" என்று உலகம் முழுக்கத் தகவல் அனுப்பும். அந்த இடத்தில் ஒரு மங்கலான வெளிச்சம் கொஞ்ச நேரம் மிஞ்சியிருக்கும், அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல்லில் இருக்கிற சூடு மாதிரி. அது ஆறுவதற்குள் தரையில் இருக்கும் ஒரு பெரிய தொலைநோக்கி அதைப் படம் பிடித்துவிட வேண்டும். தொலைநோக்கி லடாக்கில் ஒரு மலைமேல் இருந்தது. நாங்கள் இங்கே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து திட்டம் போட்டோம்.

இதில் ஒரு சிக்கல். அந்தத் தொலைநோக்கியின் ஒவ்வொரு இரவும் யாராவது ஒரு விஞ்ஞானிக்கு முன்பே ஒதுக்கப்பட்டிருக்கும். வெடிப்பு வந்தால், "ஐயா, கொஞ்சம் நகருங்கள்" என்று அவருடைய வேலையை நிறுத்திவிட்டு எங்களுக்காகத் திருப்பச் சொல்லலாம். அதற்குப் பெயர் குறுக்கீடு. ஒரு பருவத்துக்கு எங்களுக்கு மூன்றே மூன்று குறுக்கீடுகள்தான்.

எப்போது வரும், எங்கே வரும், வருமா என்றே தெரியாத ஒன்றுக்குத் திட்டம் போடும் வேலைக்கு இந்த மனிதரை யார் தேர்ந்தெடுத்தார்களோ, அவர்கள் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். அவர் மேஜையில் ஒரு பச்சைக் கோப்பு இருந்தது. அதில் எண்ணிட்ட தாள்கள். தாள் ஒன்று: ஒருவேளை வெடிப்பு பகலில் வந்தால். தாள் நான்கு: ஒருவேளை பக்கத்தில் நிலா இருந்தால். தாள் ஒன்பது: ஒருவேளை ஒரே நாளில் இரண்டு வந்தால். தாள் பதினேழு: ஒருவேளை லடாக்கில் பனி விழுந்தால். இதெல்லாம் நியாயம். தாள் இருபத்துமூன்று, "ஒருவேளை மேடம் கோபத்தில் இருந்தால்". எங்கள் பிரிவின் தலைவிதான் மேடம். அந்தத் தாளில் ஒரே வரி: "முதலில் வானிலையைப் பற்றிப் பேசு. கோபம் வானிலைமேல் போகட்டும்."

நான் ஒருமுறை அவரிடம் கேட்டேன்: "அண்ணே, இவ்வளவு யோசிச்சா பைத்தியம் பிடிக்காதா?"

"யோசிச்சிட்டு எழுதாம விட்டாத்தான் பிடிக்கும், தங்கச்சி. எழுதிட்டா நான் பேப்பர்ல விட்டுட்டுப் போய்த் தூங்குவேன்."

நான் அப்படி இல்லை. எனக்கும் ஒரு நாளைக்கு நூறு ஒருவேளை வரும். கேஸை அணைத்தேனா, மின்னஞ்சலில் "தங்கள்" என்று போட்டேனா, "உங்கள்" என்று போட்டேனா என்று பஸ்ஸில் பாதி வழி வரைக்கும் கவலைப்படுவேன். எழுதவும் மாட்டேன், தூங்கவும் மாட்டேன்.

அவருக்கு இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பது போனக்காடு என்கிற மலையூருக்குப் போனால் புரியும். அவருடைய அப்பாவும் அம்மாவும் அங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். இப்போதும் அதே வரிசை வீட்டில்தான் இருக்கிறார்கள். அவர் படிக்கிற காலத்தில் பரீட்சைக்குக் கீழே இறங்கிவர ஒரு பஸ். அதை விட்டால் பரீட்சை அடுத்த வருடம்தான். "பஸ் வராட்டி ஜீப்பு, ஜீப்பு வராட்டி கொழுந்து லாரி, லாரி வராட்டி நடை. மழை பேஞ்சா செருப்பு கையில. அட்டை கடிச்சா உப்பு பாக்கெட்டுல" என்று திருக்குறள் மாதிரி ஒப்பிப்பார். நகரத்துக்கு வந்த பிறகும் விடவில்லை. அவர் பையில் எப்போதும் மூன்று குடைகள் இருக்கும். ஏன் மூன்று?

"ஒண்ணு எனக்கு. ஒருவேளை ஒண்ணு கம்பி ஒடிஞ்சா இன்னொண்ணு. ஒருவேளை குடையில்லாத ஆள் யாராச்சும் பக்கத்துல நின்னா, அவங்களுக்கு ஒண்ணு."

மழைக்காலத்தில் தம்பானூர் பஸ் நிலையத்தில் அவர் பக்கத்தில் போய் நின்றுகொள்வது என் வழக்கமானது.

கல்யாணம் மட்டும் ஆகவில்லை. மலையடிவாரத்து விதுராவில் ஒரு வீட்டில் பெண் பார்க்கப் போயிருக்கிறார். காப்பி கொடுத்தார்கள். பெண்ணின் அப்பா மரியாதைக்காக, "இருந்து சாப்பிட்டுட்டுப் போலாமே" என்றிருக்கிறார். நம்மவர் உண்மையைச் சொல்லிவிட்டார்: "இல்லைங்க, ஒருவேளை பொண்ணுக்கு என்னைப் பிடிக்கலைன்னா நாலு மணி பஸ்ஸப் பிடிக்கணும்."

உள்ளேயிருந்து பெண்ணின் குரல் கேட்டதாம்: "அப்பா, மூணே முக்கால் ஆச்சு."

"அதுல எனக்கு வருத்தமே இல்ல, தங்கச்சி" என்று என்னிடம் சொன்னார். "பஸ் கிடைச்சுது."

அவரைப் பற்றி இன்னொன்று சொல்லாவிட்டால் பாவம் வரும். குறுக்கீடு செய்யும்போது யாரோ ஒருவருடைய இரவைப் பறிக்கிறோம் அல்லவா? அது அவருக்குப் பொறுக்காது. ஒவ்வொரு முறையும் அந்த விஞ்ஞானிக்குக் கையால் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி, கூடவே ஒரு கிலோ நேந்திரங்காய் சிப்ஸ் அனுப்புவார். தம்பானூர் பக்கம் ஒரு கடையில் தேங்காயெண்ணெய் சட்டிக்கு முன்னாலேயே நின்று, சூடாக வாங்கி, ஆறவைத்துக் கட்டச் சொல்வார். அரைக் கிலோ வீதம் இரண்டு பொட்டலம், இரண்டு வேறு வேறு கூரியர். "ஒருவேளை ஒண்ணு தொலைஞ்சா, மன்னிப்புப் பாதியாவது போய்ச் சேரணுமல்லோ." ஒரு விஞ்ஞானி, "அடுத்த வாரம் என் முறை. வெடிப்பு ஏதும் வருகிற மாதிரி இருக்கிறதா?" என்று ஆசையாக விசாரித்து மின்னஞ்சல் அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன்.

இந்த நேரத்தில்தான் நான் மகளைப் பெற்றேன். விடுப்பு முடிந்ததும் பாதி நாள் அலுவலகம், பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை என்று மேடம் அனுமதி கொடுத்தார். முதல் நாளே ஒருவேளை அண்ணன் என் மேஜைக்கு வந்தார்.

"தங்கச்சி, செயற்கைக்கோள் தகவல் எல்லாம் உலக நேரத்துல வரும். உங்க வீட்ல கடிகாரம் இந்திய நேரம். தலைக்குள்ள ரெண்டு கடிகாரம் ஓடினா தப்பு வரும். ஒருவேளை குழந்தையோட நேரத்தையும் உலக நேரத்துல எழுதிட்டா குழப்பமே இல்லியே?"

உலக நேரம் என்பது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். எங்கள் தொழிலில் எல்லாமே அதில்தான். யாராவது ஒன்று சொன்னால் உடனே செய்துவிட்டுப் பிறகு யோசிக்கிற ஆள் நான். அன்றைக்கே மகளுடைய பால், கூழ், தூக்கம், குளியல் எல்லாவற்றையும் உலக நேரத்தில் அட்டவணை போட்டு குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். காலை பத்து மணிக் குளியல் "4.30" ஆனது.

என் மாமியார் பாறசாலைக்காரர். எழுதி வைத்ததை மீறாத மனுஷி. மறுநாள் விடியலில் குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டு ஓடினால், மகள் உடம்பெல்லாம் எண்ணெயோடு அவர் மடியில் கிடந்து சிரித்துக்கொண்டிருந்தாள். வெந்நீர் ஆவி பறந்தது.

"என்ன பிள்ள இது? நாலரைக்குக் குளிப்பாட்டணும்னு எழுதி ஒட்டியிருக்க? நான் கிறிஸ்மஸ் ஆராதனைக்குத்தான் அந்நேரம் எழும்புவேன். படிச்ச பிள்ளைக எழுதினா ஏதாவது காரியம் இருக்கும்னு நானும் ஒண்ணும் கேக்கல்ல."

"அத்தை, அது நம்ம நேரம் இல்ல. உலக நேரம்."

"உலகத்துல எல்லா பிள்ளைகளும் குளிச்சாச்சா அப்போ?"

இதை அலுவலகத்தில் சொன்னேன். மேடம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஒருவேளை அண்ணன் சிரிக்கவில்லை. முகம் சுருங்கி, "தப்பு என்னுது" என்றார். மறுநாள் மாமியாருக்கு என்று ஒரு பொட்டலம் சிப்ஸ் வந்தது. அதற்கடுத்த நாள் இன்னொரு பொட்டலம் வந்தது.

இனி அந்த நவம்பர் மாதக் கதை. பருவம் மாத முடிவோடு தீர்கிறது. மூன்று குறுக்கீடுகளில் இரண்டைப் பயன்படுத்திவிட்டோம். இரண்டிலும் மேகம். ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. மிச்சம் ஒன்றே ஒன்று. அதை ஒருவேளை அண்ணன் அடைகாக்கத் தொடங்கினார். ஒரு வெடிப்பு வந்தது. "ரொம்ப மங்கல்" என்று விட்டார். இன்னொன்று வந்தது. "நிலா பக்கத்துல" என்றார். மூன்றாவதற்கு "இடம் சரியாத் தெரியல". நான்காவதில் எந்தக் குறையும் இல்லை.

"ரொம்ப நல்லாயிருக்கு, தங்கச்சி. அதனாலதான் சந்தேகமா இருக்கு. ஒருவேளை நாளைக்கு இதைவிட நல்லது வந்தா?"

மேடத்துக்குப் பொறுமை தீர்ந்தது. அவர் மலையாளத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். "சத்ய விருந்துக்கு உட்கார்ந்துட்டு, கடைசியில வர்ற அடைப்பிரதமன் பாயசம் வரட்டும்னு சோத்தைத் தொடாம இருக்கிற ஆளு நீங்க. கடைசில பிரதமனும் தீர்ந்திருக்கும், இலையையும் எடுத்திருப்பாங்க. இந்த மாசத்துக்குள்ள இதுல ஒரு வெளிச்சம் கிடைக்கலைன்னா, அடுத்த வருஷம் தொலைநோக்கிக்காரங்ககிட்ட இடம் கேட்க எனக்கு முகம் இல்ல."

இடம் இல்லையென்றால் திட்டம் இல்லை. திட்டம் இல்லையென்றால் ஒப்பந்த வேலையில் இருந்த அவருக்கும் எனக்கும் மேஜை இல்லை. அதை மேடம் சொல்லவில்லை. சொல்லாததுதான் இரண்டு நாள் என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

பருவம் முடிய நான்கு நாள் இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை அவர் போனக்காட்டுக்குக் கிளம்பினார். மழையில் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, அப்பாவால் தனியாக ஏற முடியாது. அங்கே செல்போனுக்கு சிக்னல் கிடையாது. போகுமுன் பச்சைக் கோப்பை என் கையில் வைத்தார்.

"நான் இல்லாத அன்னைக்குத்தான் அது வரும்" என்றார்.

"வராது அண்ணே. ரெண்டு நாள்தானே."

"வரும். அதுக்குத்தான் தாள் நாப்பத்தேழு. ஒருவேளை வந்தா மட்டும் பிரி. சும்மா பிரிச்சுப் பாத்துப் பயப்படாதே."

பயப்படாதே என்று சொல்லிவிட்டுப் போனால் பயம் வராமல் இருக்குமா?

சனிக்கிழமை மதியம் மூன்று பத்துக்கு வந்தது.

அந்த நேரத்தில் என் நிலைமையைச் சொல்கிறேன். மாமியாரும் கணவரும் பாறசாலையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். முந்தின நாள் மகளுக்குத் தடுப்பூசி போட்டிருந்தது. லேசான காய்ச்சல். இடுப்பை விட்டு இறங்கமாட்டேன் என்கிறாள். சாதாரணம்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாதாரணம் என்று டாக்டர் சொன்னதை நான் சரியாகத்தான் கேட்டேனா என்று இரண்டு முறை போன் செய்து உறுதிப்படுத்தியிருந்தேன். மேடம் டெல்லிக்கு விமானத்தில். போனில் செயற்கைக்கோள் தகவல் மின்னியது. வெளியே வானம் கறுத்து, இடி உருளத் தொடங்கியது.

கோரிக்கையை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். லடாக்கில் ஆறே முக்காலுக்கு முழுதாக இருட்டிவிடும். வெடித்த இடம் மேற்கு வானத்தில் இருந்தது. ஒன்பது மணிக்கெல்லாம் மலைக்குப் பின்னால் மறைந்துவிடும். நாளை என்று ஒன்று இல்லை. நாளைக்குள் தோசைக்கல் ஆறிவிடும்.

எடுத்தால், எடுத்து மேகமோ வெறும் இருட்டோ வந்தால், கடைசிக் குறுக்கீட்டை நான் வீணாக்கியதாகும். எடுக்காவிட்டால், எடுக்காததும் நான்தான். போதாக்குறைக்கு, லடாக்கில் இன்றைய இரவு யாருடையதோ. அவர் எத்தனை மாதம் காத்திருந்தாரோ. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்குமாக எட்டு முறை நடந்தேன். ஒன்பதாவது முறைதான் கோப்பு நினைவுக்கு வந்தது.

தாள் நாற்பத்தேழின் தலைப்பு: "ஒருவேளை நான் இல்லாமல், குழந்தை அழுதுகொண்டிருந்தால்."

கீழே கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். இருட்டிய பிறகு அந்த இடம் வானத்தில் போதுமான உயரத்தில் இருக்குமா? ஆம். நிலா தூரத்தில் இருக்கிறதா? ஆம். இதற்குள்தான் எங்கேயோ என்று செயற்கைக்கோள் காட்டும் வட்டம் சின்னதா? ஆம். மலையில் வானம் தெளிவா? தொலைநோக்கியை இயக்குபவருக்கு போன் செய்து கேட்டேன். "கண்ணாடி மாதிரி இருக்கிறது" என்றார். ஆம். கோரிக்கை அனுப்பப் பொழுதிருக்கிறதா? ஆம்.

ஆறாவது கேள்வி: "நாளைக்கு இதைவிட நல்லது வருமா?"

அதற்குக் கட்டமே இல்லை. பக்கத்தில் அவருடைய சின்னக் கையெழுத்தில் இப்படி எழுதியிருந்தது: "இது நான் கேட்கிற கேள்வி. நீ கேட்க வேண்டாம். ஐந்தும் ஆம் என்றால் அனுப்பு."

அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த மனிதர் தன்னையும் ஒரு மேகம் மாதிரி கணக்கில் எடுத்திருந்தார்.

மடிக்கணினியைத் திறந்தேன். திறந்ததும் தலைக்கு மேலேயே ஓர் இடி. கரண்ட் போனது, இணையமும் போனது. என் மடிக்கணினியின் பேட்டரி இரண்டு வருடமாகவே பெயருக்குத்தான். அதுவும் போனது. போனில் ஒரு கோடு சிக்னல். நான் அழுதேனா என்று கேட்காதீர்கள். மகள் அழுதாள், அவளுக்குத் துணையாக நானும் கொஞ்சம்.

தாளின் அடுத்த வரி: "ஒருவேளை இடியில் கரண்ட் போனால், கீழ் வீட்டு டீச்சர். பேசிவிட்டேன்."

ஓய்வுபெற்ற அந்த டீச்சரிடம் நான் அதுவரை மாடிப்படியில் சிரித்ததோடு சரி. கதவைத் தட்டினால், அவர் ஏற்கெனவே எதிர்பார்த்தவர் மாதிரி திறந்தார்.

"கேறி வா மோளே. ஆ மூணு குடை சார் போன மாசமே வந்து சொல்லிட்டுப் போயாச்சு. இடி வந்தா இவங்க வரும், இன்வெர்ட்டர்ல ஒரு பிளக் ஒழிச்சு, காலியா விடணும்னு. ஒரு மாசமா நான் அதில மிக்ஸிகூட குத்தல்ல, அறியோ? கொச்சுக் குழந்தைய இங்கே தா."

மகளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் போனார். தெருவில் ஓடும் மழைத்தண்ணீரைக் காட்டி, "தா, ஆறு போகுது, ஆறு" என்றார். காலையிலிருந்து என்னிடம் அடங்காத குழந்தை அவரிடம் பட்டென்று அடங்கியது. எனக்கு நிம்மதியும் வந்தது, லேசான அவமானமும் வந்தது.

டீச்சர் வீட்டு இணையமும் அதே இன்வெர்ட்டரில் ஓடியது. நான்கே முக்காலுக்குக் கோரிக்கையை நிரப்பி அனுப்பினேன். திசை, ஒளி வடிகட்டி, எத்தனை படம், ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம், தொடங்கும் நேரம் பதினெட்டு நாற்பத்தைந்து. அனுப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்து, எல்லாம் முடிந்தது என்று கோப்பை மூடப் போனேன். தாளின் பின்பக்கத்திலும் ஏதோ எழுதியிருந்தது.

"ஒருவேளை அனுப்பிவிட்டாய் என்றால், தொடங்கும் நேரத்தை இன்னொரு முறை பார். ஐந்தரையைக் கழித்தாயா? அத்தையின் குளியலை நினை."

அத்தையின் குளியல்!

நான் எழுதியிருந்த பதினெட்டு நாற்பத்தைந்து, நம் வீட்டுக் கடிகாரத்தின் ஆறே முக்கால். தொலைநோக்கியோ உலக நேரத்தில் ஓடுகிறது. அப்படியே விட்டிருந்தால் நள்ளிரவு தாண்டித்தான் தொடங்கியிருப்பார்கள். வெடித்த இடம் அதற்கு மூன்று மணி நேரம் முன்பே மலைக்குப் பின்னால் போயிருக்கும். மலையையே வளைத்து வளைத்துப் படம் எடுத்திருப்பார்கள். பாறசாலைக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்த மாமியார், தாம் லடாக்கைக் காப்பாற்றுகிறோம் என்று தெரியாமலே பாயசம் குடித்துக்கொண்டிருந்திருப்பார். நான் பதிமூன்று பதினைந்து என்று திருத்தி அனுப்பினேன். மணி நான்கு ஐம்பத்தெட்டு.

ஏழே காலுக்கு முதல் படம் வந்தது. பழைய வான்படத்தில் வெறும் கறுப்பாக இருந்த இடத்தில், புதிய படத்தில் ஒரு புள்ளி. தூசியா என்று திரையைத் துப்பட்டாவால் துடைத்தேன். புள்ளி போகவில்லை. இரண்டாவது படத்திலும் இருந்தது. மூன்றாவதில் கொஞ்சம் மங்கியிருந்தது. மங்கினால்தான் அது நாங்கள் தேடியது.

டீச்சர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தார். "இதா? இந்த ஒரு குத்துக்கா, ஒரு புள்ளிக்கா, நீயும் கொச்சும் சேர்ந்து இவ்வளவு கரைஞ்சு அழுதது?"

"ஆமா டீச்சர்."

"ம்ம். பரவால்ல. நல்லாத்தான் இருக்கு" என்றார் பெருந்தன்மையாக.

நாற்பத்தேழாவது தாளோடு இரண்டு உறைகள் குத்தப்பட்டிருந்தன. ஒன்றின் மேல் "ஒருவேளை கிடைத்தால்". இன்னொன்றின் மேல் "ஒருவேளை கிடைக்காவிட்டால்". முதல் உறையைப் பிரித்தேன். உள்ளே மன்னிப்புக் கடிதம், பெயர் எழுதும் இடம் மட்டும் கோடு போட்டு. அதற்குக் கீழே: "சிப்ஸ், அவருக்கு அரை அரையாக ஒரு கிலோ. டீச்சருக்கு அரை. குழந்தைக்குப் பால் கொடுக்கிறாய், உனக்கு எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். நேந்திரம்பழம் அவித்துச் சாப்பிடு."

மறுநாள் மதியம் அவர் பஸ் விதுராவுக்கு இறங்கி, போனுக்கு சிக்னல் வந்த நிமிடமே கூப்பிட்டார். நான் அனுப்பிய செய்திகளைப் படித்திருந்தார். பஸ் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்திக் கேட்டார்: "தங்கச்சி... சிப்ஸ் அனுப்பியாச்சா?"

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை அண்ணே, கூரியர் கிடையாது."

"ஓ. அது நான் யோசிக்கல" என்றார். நான் அவரிடமிருந்து அந்த வாக்கியத்தைக் கேட்டது அந்த ஒரு முறைதான்.

அடுத்த வருடமும் எங்களுக்கு இடம் கிடைத்தது. மேடம் எல்லோருக்கும் அடைப்பிரதமன் வாங்கிக் கொடுத்து, ஒருவேளை அண்ணன் குடித்து முடிக்கிறவரைக்கும் எதிரிலேயே நின்றார். அதற்கும் அடுத்த வருடம் பூமியின் மறுபக்கத்தில், சிலி நாட்டில் ஒரு மலைமேலிருக்கும் தொலைநோக்கியில் அவருக்கு வேலை கிடைத்தது. விமான நிலையத்துக்கு அவர் ஐந்து மணி நேரம் முன்னதாகப் போய்விட்டதால், வழியனுப்பப் போன நாங்கள் அவரைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் பார்த்தோம். பாலைவனத்துக்குப் போகிறவரின் தோளில் மூன்று குடைகள் தொங்கின.

இரண்டாவது உறையை நான் பிரிக்கவே இல்லை. கிடைத்துவிட்ட பிறகு கிடைக்காததற்கான உறையை எதற்குப் பிரிப்பது? மகளுடைய மருத்துவக் காகிதங்களுக்கு நடுவே கிடந்தது. போன வாரம் அவளை எல்கேஜியில் சேர்க்கத் தடுப்பூசி அட்டை கேட்டார்கள். தேடும்போது கையில் வந்தது. பிரிக்கலாமா, கூடாதா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிரித்தேன்.

அது எனக்கு எழுதியதல்ல. மேடத்துக்கு எழுதிய கடிதம்.

"மதிப்புக்குரிய மேடம், கடைசிக் குறுக்கீட்டைப் பயன்படுத்தியது / பயன்படுத்தாமல் விட்டது (பொருந்தாததை அடிக்கவும்) முழுக்க என் முடிவு. ஊருக்குப் போகும் முன்பே இப்படித்தான் செய்ய வேண்டும் என்று நான் அவளிடம் சொல்லிவிட்டுப் போனேன். அவள் எவ்வளவோ மறுத்தாள். நான் கேட்கவில்லை. குழந்தை உள்ளவள். இதில் அவளுக்கு எந்தப் பங்கும் இல்லை."

கீழே கையெழுத்துப் போட்டிருந்தார். தேதிக்கான இடம் மட்டும் காலியாக இருந்தது. எதையும் நிரப்பாமல் விடாத மனிதர், நான் எந்த நாளில் தவறினாலும் செல்லும்படி அந்த ஒன்றை விட்டுவைத்திருந்தார்.

நேற்று தம்பானூர் போய், சட்டிக்கு முன்னாலேயே நின்று ஒரு கிலோ சிப்ஸ் வாங்கினேன். சிலிக்குப் போகும் என்று கூரியர்காரர் உறுதியாகச் சொன்னார். இருந்தாலும் அரைக் கிலோவை அவரிடம் கொடுத்துவிட்டு, மீதி அரைக் கிலோவோடு எதிர்ப்பக்கத்து இன்னொரு கூரியருக்கு நடந்தேன்.